வாசல் விளக்கும் மேசை விளக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவின் சிறப்புரைக்குப் பிறநாட்டு வாழ்வும் இலக்கியமும் பற்றிய ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுமாறு அமைப்பாளர் பணித்தார். நான் தேர்ந்துகொண்ட பொருள், யூத மக்கள் கிறிஸ்துமஸ் திருநாளை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பது. இது ஒரு மக்களின் பண்டிகை வழக்கம் பற்றிய செய்தி மட்டுமன்று. தன்னைச் சூழ்ந்துள்ள பெரிய உலகம் ஒரு திருநாளைக் கொண்டாடும்போது, அத்திருநாள் தனக்குரியதன்று என்று அறிந்த மனிதன் என்ன செய்கிறான்? ஒதுங்குகிறானா, கலக்கிறானா, பாடுகிறானா? பாடினால் யாருடைய குரலில் பாடுகிறான்? இக்கேள்விகள் கவிஞர்களுக்கு உரிய கேள்விகள் என்பதனால் இதனை இந்த அவையில் வைக்கத் துணிந்தேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நினைவுகொள்ள வேண்டும். எவருடைய பிறப்பைக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறதோ அவர் யூதத் தாயின் வயிற்றில் பிறந்தவர். எட்டாம் நாள் யூத முறைப்படி விருத்தசேதனம் செய்யப்பெற்றுப் பெயர் பெற்றவர் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. ஆயினும் அவரை மெசியாவாக ஏற்காத யூதருக்கு டிசம்பர் 25 சமய நாள் அன்று. அந்தக் காலத்தை ஒட்டி அவர்களுக்கென ஒரு திருநாள் உண்டு. அதுவே ஹனுக்கா.

கி.மு. 164ஆம் ஆண்டு, செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் தீட்டுப்படுத்திய எருசலேம் ஆலயத்தை, யூதா மக்கபே என்னும் தலைவனும் அவன் உடன்பிறந்தாரும் மீட்டுத் தூய்மைசெய்து மீண்டும் அர்ப்பணித்தனர். ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள்கள் எரிந்தது என்னும் மரபுச் செய்தியைத் தால்முத் பிற்காலத்தில் தருகிறது. ஆகவே எட்டு இரவுகள், ஒவ்வோர் இரவும் ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றப்படுகிறது. இவ்விளக்கொளியைப் படிக்கவோ வேலைசெய்யவோ பயன்படுத்தலாகாது; காணுதற்கு மட்டுமே அது உரியது. எனவேதான் ஒன்பதாவதாக, ஏவல் விளக்கு என்று சொல்லத்தக்க ஒன்றும் உடன் வைக்கப்படுகிறது.

இத்திருநாளில் இரண்டு வியப்புகள் உள்ளன. கிரேக்க வழக்கங்களைத் திணித்தபோது தம் வழக்கத்தைக் காத்துக்கொண்ட வெற்றியைக் கொண்டாடும் நாள் இது. ஆனால் இன்று பிறர் திருநாளைப் பார்த்துப் பரிசு, அலங்காரம், வாழ்த்து மடல் எனப் பெரிதாக வளர்ந்ததும் இதே நாள்தான். யூத மரபில் இது பெருந்திருநாள் அன்று. இந்நாள்களில் தொழில் செய்யத் தடையில்லை. இரண்டாவது வியப்பு இன்னும் நுட்பமானது. இத்திருநாளின் வரலாற்றைக் கூறும் மக்கபேயர் நூல்கள் எபிரேய விவிலியத்தில் இடம்பெறவில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெற்றுள்ளன. யூதரின் வெற்றிக் கதையைக் கிறிஸ்தவர் தம் திருநூலுக்குள் வைத்துக் காத்தனர். அயலாரிடமிருந்து நாம் காத்துக்கொண்டது எது, அயலார் நமக்காகக் காத்துத் தந்தது எது என்று முற்றாகப் பிரித்தறிய இயலாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

விளக்கை எங்கே வைப்பது என்பது பற்றித் தால்முத் ஒரு விதி வகுத்துள்ளது. அதனையே என் உரைக்குத் தலைப்பாகக் கொண்டேன். வீட்டு வாசலில், வெளிப்புறத்தில், வழிப்போவார் காண வைக்க வேண்டும். மாடியில் குடியிருப்போர் தெருவை நோக்கிய சன்னலில் வைக்க வேண்டும். ஆனால் ஆபத்துக் காலம் வந்தால் மேசைமேல் வைத்தால் போதும். எண்ணிப் பாருங்கள். வெற்றியைக் கொண்டாடும் திருநாளின் விதிக்குள்ளேயே, அஞ்சி வாழும் காலத்திற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய யூதரின் வரலாற்றை, விளக்கு வாசலிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து சன்னலுக்கும் இடம்பெயர்ந்த வரலாறாகவே படிக்கலாம்.

மேசை விளக்கின் காலத்தை முதலில் காண்போம். கிழக்கு ஐரோப்பாவின் ஹசிதிய யூதரிடையே கிறிஸ்துமஸ் இரவுக்கு நித்தல் என்று பெயர். பிறப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது என்பர். நாள்தோறும் தோரா கற்பதைக் கடமையாகக் கொண்ட அம்மக்கள், அந்த இரவில் மட்டும் அதனைக் கற்பதில்லை. சீட்டாடுவர், சதுரங்கம் ஆடுவர். இதற்குச் சமய விளக்கங்கள் பல கூறப்படுகின்றன. எனினும் அந்த இரவில் கல்விக்கூடம் நோக்கித் தெருவில் நடப்பது யூதனுக்கு நல்லதன்று என்னும் நடைமுறை அறிவும் அவற்றுள் ஒன்று. இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1881ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வார்சா நகரின் திருச்சிலுவை ஆலயத்தில் நெருப்பு என்று யாரோ கூவ, நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூவியவர்கள் யூத முடிச்சவிழ்ப்பவர்கள் என்று வதந்தி பரவியது. அடுத்து மூன்று நாள்கள் யூதர் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஒரு வீட்டில் மணியோசை மகிழ்ச்சியின் அறிகுறி. அடுத்த வீட்டில் அதே ஓசை கதவைத் தாழிடச் சொல்லும் குறி.

இனி, மேற்கே செல்வோம். வியன்னாவில் பெருஞ்செல்வர் வீட்டுப் பெண்மணியான ஃபான்னி ஃபொன் ஆர்ன்ஸ்டைன் தம் கலைக்கூடத்தில் 1814ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் மரம் வைத்துக் கொண்டாடினார். அந்நகரில் பதிவாகியுள்ள முதல் கிறிஸ்துமஸ் மரங்களுள் ஒன்று யூதர் வீட்டில் நின்றது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியுரிமை பெற்று, பல்கலைக்கழகங்களிலும் வணிகத்திலும் முன்னேறிய ஜெர்மானிய மொழி பேசும் யூதர் பலருக்கு, அந்த மரம் சமயச் சின்னமாகத் தோன்றவில்லை. நாட்டுப் பண்பாட்டின் சின்னமாகத் தோன்றியது. கிறிஸ்துமஸுக்கான ஜெர்மன் சொல்லையும் ஹனுக்காவையும் இணைத்து 'வைனுக்கா' என்று ஒரு கேலிச் சொல்லே பிறந்தது. 2005இல் பெர்லின் யூத அருங்காட்சியகம் இப்பொருளில் ஒரு கண்காட்சியே நடத்தியது.

இங்கே இரண்டு பெரியோர் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறேன். யூதருக்கெனத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கத்தைத் தோற்றுவித்த தியோடர் ஹெர்சல், 1895 டிசம்பர் 24 அன்று வியன்னாவில் தம் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் நகரின் தலைமை ரபியான மோரிட்ஸ் கூடமன் உள்ளே வந்தார். மரத்தைக் கண்டு அவர் முகம் மாறியதை ஹெர்சல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். அவருடைய 'யூத நாடு' என்னும் நூல் வெளிவர அப்போது இரண்டு மாதங்களே இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897 டிசம்பரில், 'மெனோரா' என்ற சிறுகதையை அவரே எழுதினார். தன் மரபை மறந்திருந்த ஒரு கலைஞன், தன் குழந்தைகளுக்காக எட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றக் கற்றுக்கொள்வதே அக்கதை. மரத்தடியிலிருந்து விளக்கடிக்கு வந்த தொலைவை அவர் கதையாகவே நடந்து கடந்தார்.

மற்றொருவர் கெர்ஷோம் ஷோலெம். யூத மறைஞானத்தை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற அறிஞர். 1897இல் பெர்லினில் பிறந்தவர். அவருடைய வீட்டிலும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மரம் நின்றது. 1911ஆம் ஆண்டு மரத்தடியில் அவருக்காக வைத்திருந்த பரிசைப் பார்த்தார். அது ஹெர்சலின் உருவப்படம்! மகன் சியோனிய இயக்கத்தில் நாட்டம் கொண்டதை அறிந்த தாய், அன்போடு சட்டமிட்டு வாங்கி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் நாளில் அவர் வீட்டில் தங்கவில்லை என்று தம் வாழ்க்கை நினைவு நூலில் எழுதுகிறார். இதனைப் படிக்கும்போது எனக்கு அம்மகனிடம் மதிப்பும் அத்தாயிடம் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. அவர் இரண்டையும் ஒரே மரத்தடியில் வைக்க முடியும் என்று நம்பினார். மகன் 1923இல் எருசலேம் சென்றார். மற்றொரு மகன் வெர்னர், பொதுவுடைமைக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், 1940இல் பூகன்வால்ட் முகாமில் கொல்லப்பட்டார். தாய் ஆஸ்திரேலியாவிற்குக் குடிபெயர நேர்ந்தது. ஜெர்மானியராக வாழ்ந்ததற்குச் சான்றாக நின்ற அந்த மரம் அக்குடும்பத்தைக் காக்கவில்லை. மரம் வைத்தது குற்றம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வைத்தவர் அன்போடு வைத்தார். அந்த அன்பை ஏற்காதவர்களே குற்றவாளிகள்.

அதே நாட்டில், கீல் நகரில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். எபிரேயக் கணக்கில் 5692ஆம் ஆண்டு ஹனுக்கா; நம் கணக்கில் 1931 டிசம்பர். அந்நகர ரபி அகிவா போஸ்னரின் துணைவியார் ராகேல், சன்னலில் வைத்த மெனோராவைப் படமெடுத்தார். சன்னலுக்கு நேரெதிரே நாசிக் கட்சியின் கொடி தொங்குகிறது. ஆபத்துக் காலத்தில் மேசையில் வைக்கலாம் என்று விதி இடம் தந்தும், அந்த அம்மையார் சன்னலிலேயே வைத்தார். குடும்பம் 1933இல் நாட்டை விட்டு வெளியேறித் தப்பியது. அந்த விளக்கு 2022 டிசம்பரில் மீண்டும் ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டு, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஏற்றப்பட்டது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1881 முதல் 1924 வரை இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர் அங்கே குடியேறினர். அவர்களுள் ஒருவர், 1893இல் ஐந்து வயதுச் சிறுவனாக நியூயார்க்கில் வந்திறங்கிய இர்விங் பெர்லின். தந்தை தொழுகைக்கூடத்தில் பாடுபவர். மகன் எழுதி இசையமைத்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்' 1942இல் ஹாலிடே இன் திரைப்படத்தில் பிங் கிராஸ்பியின் குரலில் வெளிவந்து ஆஸ்கர் பரிசு பெற்றது. உலகில் மிகுதியாக விற்ற தனிப்பாடல் இசைத்தட்டு அதுவே. 5 கோடிப் படிகளுக்குமேல் விற்றதாக மதிப்பிடுகிறார்கள். ருடால்ஃப் என்னும் கலைமானைப் பாடிய ஜானி மார்க்ஸ் முதலாக, அமெரிக்கர் இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பாடும் பாடல்கள் பலவற்றை இயற்றியவர்கள் யூதரே.

பெர்லினின் பாடலில் குழந்தை இயேசு இல்லை. மாட்டுத் தொழுவம் இல்லை. பனியும், ஏக்கமும், நினைவில் மட்டுமே உள்ள ஒரு பழைய நாளும் இருக்கின்றன. பிலிப் ராத் தம் 'ஆபரேஷன் ஷைலாக்' (1993) புதினத்தில் இதனையே எள்ளலோடு பாராட்டுகிறார்: பெர்லின் சண்டையிடாமல் கிறிஸ்துவை எடுத்துவிட்டுப் பனியை வைத்தார் என்னும் கருத்துப்பட எழுதுகிறார். சிரிக்கத்தக்க கூற்றுத்தான். ஆனால் அப்பாடலுக்கு அடியில் வேறொன்றும் உண்டு. பெர்லினுக்கும் அவருடைய கத்தோலிக்க மனைவிக்கும் பிறந்த ஆண்குழந்தை, பிறந்த மாதமே, 1928 டிசம்பர் 25 அன்று இறந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் அக்குழந்தையின் கல்லறைக்குச் சென்றனர். கோடிக்கணக்கான வீடுகளில் மகிழ்ச்சியோடு ஒலிக்கும் பாட்டின் ஆசிரியனுக்கு, அந்நாள் துயர நாள். தம் மொழியும் சமயமும் துயரமும் வெளியே தெரியாவண்ணம் அனைவருக்குமான பாட்டை அவர் அமைத்தார். அது பெரிய ஆற்றல். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது.

இதற்கு எதிர்த் திசையில் நிற்பவர் கிரேஸ் பேலி (1922–2007). உக்ரைன் பகுதியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து, ரஷ்ய மொழியும் இத்திஷும் ஆங்கிலமும் ஒலித்த வீட்டில் வளர்ந்தவர். 1959இல் வெளிவந்த அவருடைய முதற்தொகுதியில் 'உரத்த குரல்' எனத் தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் ஒரு சிறுகதை உள்ளது. யூதப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறார்கள். கதை சொல்லும் பங்கு ஷெர்லி அப்ரமோவிட்ஸ் என்னும் சிறுமிக்குக் கிடைக்கிறது. காரணம், பள்ளியிலேயே அவள் குரல்தான் உரத்தது. தாய் வருந்துகிறாள். தந்தையோ, ஐரோப்பாவில் படுகொலை இருந்தது, இங்கே இருப்பது கிறிஸ்துமஸ்தானே என்று நகைத்துத் தேற்றுகிறார். நாடகம் முடிந்தபின், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சிறிய பங்குகளே கிடைத்தன என்று அண்டைவீட்டுப் பெண் குறைப்படும்போது, அதே தாய் கூறும் விடைதான் கதையின் உயிர். அவர்கள் ஏன் கத்த வேண்டும், ஆங்கிலம் அவர்களுக்குப் பிறவியிலேயே மனப்பாடம், அந்தத் திருநாளும் அவர்களுடையதுதானே என்கிறாள்.

கவிஞர்களே, மொழி குறித்து இதனினும் கூர்மையான உண்மை ஒன்றைச் சிறுகதையில் நான் கண்டதில்லை. மொழி யாருக்குப் பிறப்புரிமையோ அவர் மெல்லப் பேசலாம். அம்மொழிக்குள் புதிதாக நுழைந்தவர் உரக்கப் பேசினால்தான் காதில் விழும். அன்றிரவு ஷெர்லி படுக்கையருகே மண்டியிட்டு, யூதரின் தொழுகைச் சொல்லைத் தொடங்கிவைத்து, தன் குடும்பத்தாருக்காகவும், தொலைவிலுள்ள உறவினருக்காகவும், வழிப்போவாருக்காகவும், தனிமையில் வாடும் கிறிஸ்தவர் அனைவருக்காகவும் வேண்டுகிறாள். கிறிஸ்தவரின் கதையைத் தன் குரலில் சொன்ன சிறுமி, தன் வேண்டுதலை விட்டுக்கொடுக்கவில்லை. பெர்லின் தம் குரலின் வேற்றுமையை மறைத்துப் பாடினார். ஷெர்லி அவ்வேற்றுமையோடு பேசினாள். இருவர் வழியும் மனித வழியே. எனினும், எது இலக்கியத்திற்கு உகந்தது என்று என்னைக் கேட்டால், பேலியின் பக்கமே நிற்பேன்.

அன்றாட வாழ்வுக்கும் ஒரு சொல். கிறிஸ்துமஸ் அன்று எல்லாக் கடையும் அடைத்திருக்கையில் திறந்திருந்தது சீன உணவகம். நியூயார்க்கின் கீழைப் பகுதியில் இரு குடியேறிய மக்களும் அண்டை அயலாராய் வாழ்ந்தனர். பாலையும் இறைச்சியையும் சேர்த்துண்ணாத யூதருக்குப் பால் மிகுதியாகக் கலவாத சீன உணவு வாய்ப்பாகவும் அமைந்தது. நாளடைவில் அதுவே ஒரு வழக்கமாயிற்று. 2010இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான விசாரணையில், முந்தைய கிறிஸ்துமஸ் அன்று எங்கிருந்தீர்கள் என்று கேட்கப்பட்டபோது, எல்லா யூதரையும் போலச் சீன உணவகத்தில் இருந்திருப்பேன் என்னும் பொருள்பட எலெனா கேகன் விடையளிக்க, அவையே சிரித்தது. அஞ்சிச் சீட்டாடிய இரவு, சிரித்து உண்ணும் இரவாக மாறியது. எளிய மாற்றம்போலத் தோன்றும் இதற்குப் பின்னே ஒரு நூற்றாண்டின் வரலாறு உள்ளது.

கலப்பும் வளர்ந்துள்ளது. 2013இல் ப்யூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி அமெரிக்க யூதருள் 32 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தனர். பிற சமயத்தவரை மணந்தோரிடையே இது 71 விழுக்காடு. யூதரையே மணந்தோரிடையே 7 விழுக்காடு. ஆக, மரம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் திருமணத்தின் வழியே. ஒரு மருமகளோடும் மருமகனோடும் வருகிறது.

மெனோராவும் பொதுவெளிக்கு வந்துவிட்டது. 1979இல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக்கு எதிரே அதனை ஏற்றினார். 1989இல் பிட்ஸ்பர்க் நகர வழக்கில், நீதிமன்றக் கட்டடத்துள் தனித்து வைத்த கிறிஸ்து பிறப்புக் குடில் கூடாது என்றும், வேறொரு கட்டடத்தின் முன் 45 அடி உயரக் கிறிஸ்துமஸ் மரத்தருகே வைத்த மெனோரா இருக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடையே கருத்து வேற்றுமை இருந்தது. மரத்தோடு சேர்ந்து நிற்கையில் மெனோராவும் குளிர்காலக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்னும் எண்ணம் அத்தீர்ப்பில் உண்டு. சமயப் பொருளை இழந்தால்தான் விளக்குக்கு இடம் என்றால், அது வெற்றியா தோல்வியா? இக்கேள்வி இன்னும் முடியவில்லை.

இதற்கு நீதிமன்றம் தராத விடையை ஒரு சிறு நகரம் தந்தது. 1993 டிசம்பரில் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், மெனோரா படம் ஒட்டிய ஒரு சிறுவனின் சன்னலில் கல் வீசப்பட்டது. யூதர் மிகச் சிலரே வாழும் நகர் அது. உள்ளூர் நாளிதழ் ஒரு முழுப் பக்கத்தில் மெனோரா படத்தை அச்சிட்டது. கிறிஸ்துமஸுக்கு அணிசெய்திருந்த வீடுகளில், ஏறத்தாழ 10,000 வீடுகளின் சன்னல்களில், அப்படம் ஒட்டப்பட்டது. அந்த மக்கள் யூதராக மாறவில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என்று முழங்கவும் இல்லை. அயலான் விளக்கு வாசலிலேயே இருக்கட்டும் என்றார்கள்; அவ்வளவே.

நிறைவாக ஒன்று. நம் மொழியோடு தொடர்புள்ள ஒரு சான்றும் உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. கொச்சி மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தைச் சார்ந்த யூதரால் போற்றிக் காக்கப்பட்டது. 72 உரிமைகள் அதில் வழங்கப்பட்டன. குடை, தோரணம் முதலியவற்றோடு பகல்விளக்கு என்பதும் அதில் ஓர் உரிமை. ஐரோப்பாவில் இரவு விளக்கையே மேசைக்கு ஒளித்த மக்களின் உறவினருக்கு, இங்கே பட்டப்பகலில் விளக்கேந்திச் செல்லும் உரிமையை ஓர் அரசன் செம்பில் வெட்டித் தந்திருக்கிறான்.

கவிஞர் பெருமக்களே, நம் மேடைகளில் எல்லாரும் ஒன்று என்று பாடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எல்லாரும் ஒன்று என்னும்போது யாருடைய திருநாளுக்குள் யாரைக் கரைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஷோலெமின் தாய்க்கு நேர்ந்ததை நினையுங்கள். ஒரு மொழியின், ஒரு நாட்டின் பெருந்தன்மையை அதன் பெருந்திருநாளில் எத்தனை விளக்கு எரிகிறது என்பதைக் கொண்டு அளக்க இயலாது. அன்று அத்திருநாளைக் கொண்டாடாதவன் வீட்டு விளக்கு வாசலில் இருக்கிறதா, மேசைக்குப் போய்விட்டதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து எழும் குரல் சற்று உரத்தோ, சற்று வேற்றொலியோடோ வந்தாலும், அதனையும் கவிதை என்று ஏற்கும் செவி இவ்வட்டத்துக்கு அடுத்த பத்தாண்டுகளிலும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.